இருபத்து மூன்றாம் பாதை

அத்தியாயம் 5

ஊர் உலகத்தில் துப்பறிகிறவர்கள் முதலில் துப்பறிவார்கள், அப்புறம் கேஸை மூடுவார்கள். நம் இன்ஸ்பெக்டருக்கு எல்லாமே தலைகீழ். கேஸை மூடி, கயிறு கட்டி, அரக்கு முத்திரையும் வைத்த பிறகுதான் அவருக்குச் சந்தேகமே வரும். பெரும்பாலும் அதுவும் வராது. அந்த விமானப்படைத் தளத்தின் போலீஸ் அறைக்கு அவர் பொறுப்பேற்றுப் பதினோரு வருஷம் ஆகிறது. வந்த ஃபைலை எல்லாம் மூடி மூடியே 'மூடி' என்று பெயர் வாங்கியவர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. முதுகு திரும்பியதும் கூப்பிடுவார்கள். அவருக்கும் தெரியும். பெயர் வைக்கிற அளவுக்காவது நம்மை நினைக்கிறார்களே என்று விட்டுவிட்டார்.

அன்று காலை ஒன்பது மணிக்கு, அவர் மூடி வைத்த ஃபைல் ஒன்றை லாக்கப்புக்குள் இருந்த ஒரு பெண் திறந்துவிட்டாள்.

அவள் விமானங்களைப் பழுது பார்க்கும் மெக்கானிக். முந்தாநாள் காலை அவளைப் பிடித்து உள்ளே வைத்தவர் சாட்சாத் இன்ஸ்பெக்டரேதான். அவளுடைய கருவிப் பெட்டி எண் பொறித்த ஸ்பேனர் ஒன்று ஓடுதளத்தில் கிடந்தது. வேலை பார்த்த விமானத்துக்குள்ளேயே அதை மறந்து வைத்துவிட்டாள், அது முதல் நாள் மாலையில் விமானம் ஓடும்போது விழுந்தது, ஆறு மணிக்குக் கருவிகளை எண்ணி 'எல்லாம் சரி' என்று பொய்க் கையெழுத்தும் போட்டுவிட்டாள் என்பது குற்றச்சாட்டு. பதினொரு மணிக்குக் கமாண்டர் முன்னால் விசாரணை. குற்றம் உறுதியானால் வேலை போகும். இருபத்து நாலு மணி நேரத்தில் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அங்கே அவளுடைய ஆறு வயது மகளும் தங்கையும் இரண்டு நாளாக வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், ஒண்ணு கேக்கலாமா?" என்றாள் அவள், கம்பிக்குப் பின்னாலிருந்து. "என் ஸ்பேனர் ரன்வேல எந்த இடத்துல கிடந்துச்சு?"

இன்ஸ்பெக்டர் ஃபைலைப் புரட்டினார். "ரன்வேலதான்மா."

"ரன்வே ரெண்டரை கிலோமீட்டர் நீளம், சார். அகலம் நாப்பத்தஞ்சு மீட்டர். அதுல எங்க?"

ஃபைலில் 'பொருள் கிடந்த இடம்' என்ற கட்டத்தில் 'மேற்படி' என்று அவரே எழுதியிருந்தார். மேலே பார்த்தார். அங்கே 'கீழே காண்க' என்றிருந்தது. அதையும் எழுதியவர் அவர்தான்.

"அது கூடத் தெரியாமலா என்னை ரெண்டு நாளா உள்ள வச்சிருக்கீங்க?"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் 'ஸ்டேஷன்ல சத்தம் போடாதம்மா' என்று சொல்லித் தப்பித்திருப்பார். மெதுவாகக் கேட்டதால் பதில் சொல்ல வேண்டியதாயிற்று, பதிலோ கைவசம் இல்லை. இன்ஸ்பெக்டருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

வாசலில் மச்சினன் நாய்க்குத் தலை சீவிக்கொண்டிருந்தான்.

மச்சினன் என்றால் இன்ஸ்பெக்டருடைய மனைவியின் தம்பி. நாய்ப் பிரிவு சார்ஜன்ட். நாற்பதைத் தாண்டியும் வாய் மட்டும் நாலு முழத்துக்குக் குறையவில்லை. டியூட்டியில் 'சார்' என்பான், மானத்தை வாங்க வேண்டுமென்றால் 'அத்தான்' என்பான். காலையில் இன்ஸ்பெக்டர் செய்த அசட்டுத்தனம் மத்தியானச் சாப்பாட்டுக்குள் அக்காவின் காதுக்குப் போய்விடும். உளவுத்துறையில் கூட அந்த வேகம் கிடையாது.

நாய்க்குக் காந்தம் என்று பெயர். வெடிகுண்டு மோப்பம் பிடிக்கப் பழக்கிய நாய். பரீட்சையில் தோற்றுவிட்டது. குண்டைக் கண்டுபிடித்தால் அசையாமல் உட்கார வேண்டும் என்பது பாடம். காந்தமோ குண்டை வாயில் கவ்விக்கொண்டு வந்து பரீட்சை நடத்தியவர் காலடியில் வைத்தது. அவர் இன்னும் மருத்துவ விடுப்பில் இருப்பதாகக் கேள்வி. அன்றிலிருந்து தரையில் எந்த இரும்பைப் பார்த்தாலும் கவ்விக்கொண்டு வந்து கொடுப்பதுதான் அதற்குத் தெரிந்த ஒரே உத்தியோகம்.

"ஜீப்பை எடு," என்றார் இன்ஸ்பெக்டர். "ரன்வேக்குப் போகணும்."

"எதுக்கு சார்?"

"துப்பறிய."

மச்சினன் சீப்பைக் கீழே வைத்தான். "உடம்புக்கு ஏதாவது பண்ணுதா, அத்தான்?"

ஸ்பேனர் கிடந்த இடத்தைச் சுற்றி மஞ்சள் பெயிண்டில் ஒரு வட்டம் போட்டிருந்தது. போட்டது ஹேங்கர் சீஃப், அதாவது விமானங்களை நிறுத்திப் பழுது பார்க்கும் கொட்டகைக்குத் தலைவர். முந்தாநாள் காலை எட்டு மணிக்கு டிராக்டரில் போனபோது ஸ்பேனரைப் பார்த்ததாக வாக்குமூலம் கொடுத்தவரும் அவர்தான். அந்த வாக்குமூலத்தை இன்ஸ்பெக்டர் படித்தாரா என்றால், வாங்கினார். அது வரைக்கும் நிச்சயம்.

"சார், எனக்கு ஒரு சந்தேகம்," என்றான் மச்சினன். "எட்டு மணிக்கு சீஃப் கண்ணுல பட்டது, ஆறு மணிக்கு நாப்பது பேர் நடந்தாங்களே, அவங்க கண்ணுல ஏன் படல?"

நல்ல கேள்வி. அந்தத் தளத்தில் ஒரு வழக்கம் உண்டு. தினமும் காலை ஆறு மணிக்கு நாற்பது பேர் ஓடுதளத்தின் ஒரு முனையில் வரிசையாக நிற்பார்கள். சமையற்காரர், குமாஸ்தா, விமானி என்று யாருக்கும் விலக்கு கிடையாது. ஆளுக்கு ஒரு பாதை, ஆளுக்கு ஓர் எண் போட்ட துணிப்பை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மறுமுனை வரை நடந்து, கல், ஆணி, நட்டு எது கிடந்தாலும் பொறுக்கிப் பையில் போட வேண்டும். சுண்டைக்காய் அளவு கல் எஞ்சினுக்குள் போனால் போதும், விமானமும் போச்சு, விமானியும் போச்சு. அதனால் அங்கே நடக்காமல் நடந்தேன் என்று கையெழுத்துப் போடுவது பெரிய குற்றம். அதைப் பற்றி வருஷத்துக்கு இரண்டு முறை எல்லாரையும் கூட்டி வைத்து இன்ஸ்பெக்டரே சொற்பொழிவு செய்வார். கேட்கிறவர்கள் கண்ணில் தண்ணீர் வரும். எதற்காக வந்தது என்று அவர் விசாரித்ததில்லை.

"இந்தப் பாதையில நடந்தவன் யாருன்னு பாரு," என்றார் இன்ஸ்பெக்டர். "அவன் ஒண்ணு குருடனா இருக்கணும், இல்ல சோம்பேறியா இருக்கணும். அவனைப் பிடிச்சு ரெண்டு தட்டு தட்டினா எல்லாம் வந்துடும்."

ஓரத்திலிருந்து டேப் பிடித்து அளந்தார்கள். இருபத்தைந்தரை மீட்டர். நாற்பத்தைந்து மீட்டர் அகலத்தில் நாற்பது பாதை என்றால் இது எத்தனையாவது என்று இன்ஸ்பெக்டர் உள்ளங்கையில் கணக்குப் போட்டார். முதல் தடவை ஐம்பத்தாறாவது பாதை என்று வந்தது. இரண்டாவது தடவை ஓடுதளத்துக்கே வெளியே போய்விட்டது. மச்சினன் பேசாமல் விளிம்பிலிருந்து பாதைகளை எண்ணிக்கொண்டே நடந்து வந்து வட்டத்துக்குள் நின்றான்.

"இருபத்து மூணு, சார்."

கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் கீழ்த்தளத்தில் பாதுகாப்புக் குமாஸ்தாவின் அறை. நடைப் பதிவேடும், அன்றன்றைய பைகளும் அங்கேதான் இருக்கும். தேதிச் சீட்டுக் கட்டி ஒரு வாரம் வைத்திருந்து அப்புறம்தான் கொட்டுவார்கள். குமாஸ்தா முந்தாநாள் பக்கத்தைப் புரட்டிக் கொடுத்தார். இருபத்து மூன்றாம் எண்ணுக்கு நேரே ஒரு கையெழுத்து இருந்தது. இன்ஸ்பெக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"கோழி கிளறின மாதிரி இருக்கே. இவன் மூஞ்சியைப் பாக்காமலே சொல்றேன், இவன் வேலைக்கு லாயக்கில்லாதவன். கையெழுத்துலயே தெரியுது. எந்தப் பிரிவு இவன்?"

குமாஸ்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நம்ம பிரிவுதான், சார்," என்றான் மச்சினன். "அது உங்க கையெழுத்து."

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். இன்ஸ்பெக்டருக்குத் தன் கையெழுத்தே தெரியவில்லை. அவரைச் சொல்லியும் குற்றமில்லை. ஆறு மாதத்துக்கு முன்னால் முட்டி வலி என்று ஆரம்பித்தது. குமாஸ்தா விரல் வைக்கிற இடத்தில் கையெழுத்துப் போடுவார், ஜீப்பில் ஏறுவார், பிளாஸ்க்கைத் திறந்து டீ குடிப்பார், கண்ணயர்வார். டிரைவர் ஜீப்பை ஓரமாக உருட்டி மறுமுனைக்குக் கொண்டுபோனதும் இறங்கிக் காலிப் பையைக் கொடுத்துவிடுவார். இப்படியே நூற்று எண்பது நாள். தளத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் தப்பு செய்கிறவன் போலீஸ் என்றால் யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது? போலீஸிடம்தான் கொடுக்க வேண்டும்.

ஜீப்பில் திரும்பும்போது இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். குரல் இறங்கியிருந்தது.

"யாரோ யோசிச்சு வச்சிருக்கான்டா. மத்த பாதையில வச்சா, அதுல நடந்தவன் 'நான் பாத்தேன், காலைல இல்ல'ன்னு சத்தியம் பண்ணுவான். என் பாதையில வச்சா கேக்க நாதியில்ல. நாப்பது பாதையில எது கண்ணில்லாத பாதைன்னு தெரிஞ்சு வச்சிருக்கான்."

"அப்ப தளத்துல இருக்கற எல்லாரும் சந்தேக ஆளுங்கதான், சார்."

"பேச்சைக் குறை."

மச்சினன் குறைத்தான். குறைத்தது மட்டுமில்லை, வாயை அடியோடு மூடிக்கொண்டான். பதினோரு வருஷத்தில் அப்படி ஒரு நிசப்தத்தை இன்ஸ்பெக்டர் அனுபவித்ததில்லை. அவருக்குப் பயமாகிவிட்டது.

"என்னடா?"

"அத்தான், ஒண்ணு சொல்லுவேன், திட்டக் கூடாது. கமாண்டர் மேடம் பைகளை எண்ணிப் பாக்கறாங்களாம், ஆறு மாசமா இருபத்து மூணாம் பை மட்டும் காலியா வருதாம்னு குமாஸ்தா சொன்னாரு. நான் அக்காகிட்ட சொன்னேன். அக்கா, 'உங்க அத்தான் குனியப் போறதில்ல, நீயாவது எதையாவது பொறுக்கிப் போடுடா'ன்னாங்க. அதனால முந்தாநாள் நீங்க ஜீப்ல தூங்கிட்டு இருந்தப்ப, இருபத்து மூணுல காந்தத்தை விட்டுட்டேன். நான் பின்னாலயே பையோட போய், நானே குமாஸ்தாகிட்ட குடுத்துட்டேன். அன்னிக்குத்தான் முதல் தடவை."

இன்ஸ்பெக்டர் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார். காந்தம் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவரைப் பார்த்தது.

"ஸ்பேனர்?"

"ஸ்பேனர் கிடந்திருந்தா அது விட்டிருக்குமா, சார்? சட்டைப் பட்டனையே விடல."

ஆக, காலை ஆறே முக்கால் வரை அங்கே ஸ்பேனர் இல்லை. அதற்குப் பிறகு எட்டு மணிக்குள் யாரோ கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். அறைக்கு வந்ததும் இன்ஸ்பெக்டர் நேராக லாக்கப்புக்குப் போனார்.

"ஏம்மா, உன்மேல யாருக்காவது பகை உண்டா?"

"பத்து நாள் முன்னாடி எழுதிக் குடுத்தேனே, சார்."

மேஜையின் கீழ் இழுப்பறையில், பிளாஸ்க்குக்கு அடியில் இருந்தது அந்தப் புகார். நடுவே வட்டமாக டீக்கறை. பிரேக் மாற்றாத விமானத்துக்கு மாற்றியதாகக் கையெழுத்துப் போடச் சொல்லி ஹேங்கர் சீஃப் மிரட்டினார், நான் மறுத்துவிட்டேன், அவர் இதுபோல் பலரிடம் வாங்கியிருக்கிறார் என்று தெளிவாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருந்தாள். மேல் மூலையில் 'பார்த்தேன்' என்று இன்ஸ்பெக்டரின் கோழி கிளறல் இருந்தது. அவர் பார்க்கவில்லை. வீட்டுச் சண்டை மாதிரி தானாக அடங்கிவிடும் என்று போட்டு வைத்திருந்தார்.

"கருவி அறைச் சாவி எத்தனை?"

"ரெண்டு, சார். ஒண்ணு சீஃப் இடுப்புல. என்னோடதை சாயங்காலம் எண்ணி முடிச்சதும் பூட்டி, இங்க குடுத்துட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். காலைல ஒம்பது மணிக்கு டியூட்டிக்கு வரும்போதுதான் வாங்குவேன். முந்தாநாள் நான் வர்றதுக்குள்ள வீட்டுக்கே வந்து என்னைப் பிடிச்சுட்டீங்க."

இன்ஸ்பெக்டர் நாற்காலிக்குப் பின்னால் பார்த்தார். சுவரில் கொக்கி. கொக்கியில் சாவி. மூன்று நாளைக்கு முந்தைய மாலை ஆறு ஐந்துக்கு அவள் ஒப்படைத்ததாகச் சீட்டு. மூன்று நாளாக அவர் பின்மண்டையை இடித்துக்கொண்டு அது தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

மணி பத்தே முக்கால்.

"சார், மேடம்கிட்ட நாய் நடந்ததைச் சொல்லிடுங்க," என்றான் மச்சினன்.

"நாயை எதுக்குடா இழுக்கணும்? நான் நடந்தேன், ஸ்பேனர் இல்லன்னு சொன்னாலே போதும். பதிவேட்டுல என் கையெழுத்துதானே இருக்கு."

"அது பொய்யாச்சே."

"ஸ்பேனர் இல்லங்கறது உண்மை. நடந்தேங்கறது மட்டும்தான் பொய். சராசரி பாத்தா பாதி உண்மை."

பொய்க் கையெழுத்துக்கு என்ன தண்டனை என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்தத் தளத்தில் இல்லை. இன்னும் இரண்டு வருஷத்தில் ஓய்வு. வீடு கட்ட மனைவி மனை பார்த்து வைத்திருந்தாள்.

கமாண்டர் அதிகம் பேசாத பெண்மணி. மேஜைமேல் ஸ்பேனரை வைத்து, அதற்கு இந்தப் பக்கம் மெக்கானிக்கையும் அந்தப் பக்கம் ஹேங்கர் சீஃபையும் நிற்க வைத்திருந்தார். சீஃப் வாட்டசாட்டமான ஆள், மடிப்புக் கலையாத சீருடை, முகத்தில் துக்கம் விசாரிக்க வந்தவரின் வருத்தம்.

"திறமையான பொண்ணு, மேடம்," என்றார் சீஃப். "கொஞ்சம் கவனம் பத்தல. விமானி உயிர் போயிருந்தா யார் பதில் சொல்றது?"

கமாண்டர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"மேடம், முந்தாநாள் காலைல அந்தப் பாதையில நான்தான் நடந்தேன். ஸ்பேனர் அங்க இல்ல. அப்புறம்தான் யாரோ போட்டிருக்காங்க."

சீஃப் சிரித்துவிட்டார். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. கதவோரம் நின்ற காவலரும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"மன்னிச்சுக்குங்க, மேடம். இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷன், ஆனா அவர் பாதையில யானை படுத்திருந்தாலும் அவருக்குத் தெரியாது. ஜீப்ல தூங்கிக்கிட்டே போவாரு. வேணும்னா யாரை வேணாலும் கேளுங்க. அந்தப் பாதையை நம்ப முடியாதுன்னுதான் நான் தினமும் டிராக்டர்ல போய் ஒரு தடவை பாத்துடுவேன். அன்னிக்கும் அப்படிப் பாத்ததுதான்."

இன்ஸ்பெக்டருக்குக் காது வரை சுட்டது. பொய் சொல்லக் கூட ஒரு நாணயம் வேண்டும் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் சொல்லுக்கு அந்த அறையில் காற்றளவுகூடக் கனமில்லை. மெக்கானிக் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த ஆளை நம்பி வந்தோமே என்பது அவள் முகத்திலேயே எழுதியிருந்தது. அதைப் படிக்க மட்டும் அவருக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை.

"சீஃப் சொல்றது நிஜம், மேடம்," என்றார் இன்ஸ்பெக்டர். "நான் நடக்கல. முந்தாநாள் மட்டுமில்ல, ஆறு மாசமா நடக்கல. நூத்தி எண்பது கையெழுத்தும் பொய். முந்தாநாள் என் பாதையில நடந்தது காந்தம்."

"காந்தமா?"

"நம்ம நாய், மேடம்."

அறையில் யாரும் சிரிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் சீஃப் பக்கம் திரும்பினார்.

"தினமும் பாத்தீங்களா, சீஃப்?"

"தினமும்."

"ஆறு மாசமா?"

"ஒரு நாள் தவறினதில்ல."

"அதுல என்னென்ன பொறுக்கினீங்க?"

"ஒண்ணும் இல்லையே. பாதை சுத்தமாத்தான் இருந்துச்சு. அன்னிக்குத்தான் இந்த ஸ்பேனர்."

இன்ஸ்பெக்டர் சைகை காட்ட, வரும் வழியில் குமாஸ்தாவிடம் வாங்கி வந்திருந்த துணிப்பையை மச்சினன் மேஜைமேல் வைத்தான். இருபத்து மூன்றாம் எண், முந்தாநாள் தேதிச் சீட்டு, குமாஸ்தா போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. கமாண்டரே முடிச்சை அவிழ்த்துக் கொட்டினார். இரண்டு போல்ட், மூன்று வாஷர், ஒரு பெல்ட் பக்கிள், ஒரு பித்தளைப் பட்டன். பட்டனைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். எல்லாவற்றிலும் வரிசையாகப் பல் பதிந்திருந்தது.

"ஆறு மாசம் மனுஷன் கால் படாத பாதை, மேடம்," என்றார் இன்ஸ்பெக்டர். "நாய்க்கு ஒரே காலைல ஏழு சாமான் கிடைச்சிருக்கு. தினமும் போய்ப் பாத்த சீஃபுக்கு ஆறு மாசத்துல ஒரு வாஷர் கூடக் கிடைக்கல. அவர் ஒரு நாளும் பாக்கல. என்னைப் போலத்தான் அவரும். அன்னிக்கு மட்டும் போனாரு, எடுக்கப் போகல, வைக்கப் போனாரு."

"நாயை வச்சு ஒரு மனுஷன்மேல பழி போடறாரு, மேடம்," என்றார் சீஃப். வருத்தம் போய்க் குரலில் சூடு ஏறியிருந்தது.

கமாண்டர் தொலைபேசியை எடுத்து, அடுத்த பாதையில் நடந்த சமையற்காரரைக் கூப்பிட்டார். ஒலிபெருக்கியில் பாத்திரச் சத்தத்தோடு பதில் வந்தது.

"ஆமா மேடம், நாய்தான் வந்துச்சு. நாயே இத்தனை பொறுக்குதேன்னு வெக்கப்பட்டு நானும் ரெண்டு தடவை அதிகமா குனிஞ்சேன்."

கமாண்டர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு எழுந்தார். கதவைத் திறந்து, நீண்ட வராந்தாவின் கோடியில் அதை விட்டெறியச் சொன்னார். காவலர் எறிந்தார். மச்சினன் வராந்தாவில் கட்டியிருந்த காந்தத்தின் சங்கிலியை அவிழ்த்தான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. காந்தம் போயிற்று, கவ்விற்று, வந்தது, மச்சினன் காலடியில் வைத்துவிட்டு அடுத்ததுக்குத் தயாராக நின்றது. எந்தக் குற்றத்துக்காக அதை வேலையிலிருந்து தள்ளினார்களோ அதையே அன்று படைத்தலைவி கண்ணெதிரே செய்து காட்டியது.

"கருவி அறைக்கு ரெண்டே சாவி, மேடம்," என்றார் இன்ஸ்பெக்டர். "அந்தப் பொண்ணோட சாவி முந்தாநாள் எட்டு மணிக்கு என் தலைக்குப் பின்னாடி தொங்கிட்டு இருந்துச்சு. இன்னும் அங்கதான் தொங்குது. இன்னொண்ணு யாருகிட்டன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. ஏன் செஞ்சாருங்கறதுக்கு, பத்து நாள் முன்னாடி இந்தப் பொண்ணு குடுத்த புகார் இது. நடுவுல இருக்கறது டீக்கறை. அது என்னோடது."

சீஃபின் கை தானாக இடுப்புக்குப் போயிற்று. போனதை எல்லாரும் பார்த்தார்கள். கமாண்டர் புகாரை முதலிலிருந்து கடைசி வரை நிதானமாகப் படித்தார், அப்புறம் கையை நீட்டினார்.

"சாவியைக் குடுங்க."

சீஃபைக் காவலர் வெளியே அழைத்துப் போன பிறகு கமாண்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இன்ஸ்பெக்டர், ஒரு பொய்க் கையெழுத்துக்கு இந்தப் பொண்ணை டிஸ்மிஸ் பண்ணணும்னு நீங்க சிபாரிசு எழுதியிருக்கீங்க."

"ஆமா, மேடம்."

"உங்களோடது நூத்தி எண்பது."

"கணக்கு சரிதான், மேடம்." வாழ்க்கையில் முதல் தடவை அவருக்குக் கணக்குச் சரியாக வந்தது.

"அஞ்சு மணிக்குள்ள பெல்ட்டையும் ஸ்டேஷன் சாவியையும் ஒப்படைச்சுடுங்க. அதுக்கு முன்னாடி இந்தப் பொண்ணோட விடுதலைக் காகிதத்தை முடிச்சுக் குடுங்க. அது உங்க வேலை."

அறைக்குத் திரும்பியதும் மச்சினன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மூடிக்கொண்டு நாயோடு வாசலிலேயே நின்றுவிட்டான். அன்றைக்கு இரண்டாவது தடவை.

மெக்கானிக்கின் கைக்கடிகாரமும் செருப்பும் லாக்கப்புக்குள் இருந்த பெஞ்சுக்கு அடியில் இருந்தன. அவள் உள்ளே போய் எடுத்துக்கொண்டாள். எடுத்தவள் வெளியே வரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"போகலாம்மா," என்றார் இன்ஸ்பெக்டர். "கதவு திறந்துதான் இருக்கு."

"தெரியுது, சார். எதுக்காக அடைச்சீங்கன்னு எழுதிக் குடுங்க. ரெண்டு நாளா அம்மா எங்கன்னு கேட்டு என் பொண்ணு அழுதிருக்கான்னு தங்கச்சி சொல்லி அனுப்பினா. ஸ்கூல்ல அவளைத் திருடி மகள்னு சொல்லியிருக்காங்க. நான் காகிதத்தோடதான் போவேன்."

அவர் மேஜைக்குப் போய் எழுதினார். 'இவர்மீது எந்தக் குற்றமும் இல்லை. தவறுதலாக இவரை இரண்டு நாள் அடைத்து வைத்துவிட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, கம்பிக் கதவருகே வந்து நீட்டினார். அவள் படித்தாள். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"'தவறுதலாக'ங்கறதை அடிச்சுடுங்க, சார்."

"வேற என்ன எழுதறது?"

"தவறுதல் எனக்கும் வரும், யாருக்கும் வரும். அதுக்காகத்தான் நாங்க தினமும் சாயங்காலம் ஒவ்வொண்ணா எடுத்து எண்ணிப் பாக்கறோம். எண்ணியும் தப்பினாத்தான் அது தவறுதல். நீங்க எண்ணவே இல்லையே. 'எதையுமே பார்க்காமல்'னு எழுதுங்க."

ஏதாவது வேடிக்கையாகச் சொல்லித் தப்பிக்க அவருக்கு எப்போதும் ஒரு வழி இருக்கும். அன்று தேடினார், அகப்படவில்லை. அடித்துவிட்டு, புதுக் காகிதம் எடுத்து முதலிலிருந்து எழுதினார். கோழி கிளறாமல், ஒவ்வொரு எழுத்தாக.

"மன்னிச்சுடுங்க," என்றார், காகிதத்தைக் கொடுக்கும்போது. இரண்டு நாளில் முதல் தடவையாக அவளிடம் மரியாதையாகப் பேசினார்.

அவள் வாங்கிக்கொண்டாள். காகிதத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, முதல் எழுத்திலிருந்து அவருடைய கையெழுத்து வரை விரல் வைத்துப் படித்துப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம்தான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.